பாவனைக்குதவாதது

கேள்வி வகுப்பறையில்தான் கிளம்பியது. கொழும்பில் ஒரு சட்ட பீடத்தில் ஜெனூபா உணவுச் சட்டம் படிப்பித்துக்கொண்டிருந்தாள். மனிதப் பாவனைக்கு உதவாதது என்று நீதவான் தீர்த்த உணவை ஒன்றில் அழிக்க வேண்டும், இல்லாவிட்டால் விலங்குத் தீனிக்கு விடுவிக்கலாம் என்று அவள் சொல்லி முடித்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கையை உயர்த்தினாள்.

"விடுவிச்ச பிறகு அது எங்க போகுதெண்டு ஆர் பாக்குற, மெடம்?"

ஜெனூபா தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றாள். தேடியும் கிடைக்கவில்லை.

ஒரு வருடத்தில் அந்தக் கேள்வியே பீடத்தின் உணவுச் சட்ட ஆய்வுப் பிரிவுக்கு வேலையாகிவிட்டது. பிரிவின் தலைவி கலாநிதி மேனுஜா, கள ஆய்வுக்கு ஜெனூபாவின் சொந்தப் பக்கத்தையே தெரிந்தெடுத்தார். உங்கள் ஊர் என்றால் ஆட்கள் மனம் விட்டுக் கதைப்பார்கள் என்பது அவருடைய கணக்கு. நோன்பு பிறக்க ஐந்து வாரம் இருக்கும்போது ஜெனூபா கல்முனைக்குப் பக்கத்திலுள்ள உம்மாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். வாப்பா மவுத்தாகி ஆறு வருடம். உம்மா றாஹிலா தனியே இருந்தாள். மகள் வந்த சந்தோசத்தில் அவள் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

முதலில் கதைக்கச் சம்மதித்தவர் காலிதீன். இருபத்தெட்டு வருடமாகப் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருப்பவர். அவருடைய வீட்டு முன்னறையில் ஜெனூபா சம்மதப் படிவத்தை நீட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். தகவல் தந்தவரின் பெயரோ, அவர் சொன்னதோ, எந்தக் காரணத்துக்காகவும் எவருக்கும் வெளிப்படுத்தப்படாது என்று அதில் இருந்தது. 'எந்தக் காரணத்துக்காகவும்' என்ற சொற்களை ஜெனூபாதான் சேர்த்திருந்தாள். அது இல்லாவிட்டால் ஒரு உத்தியோகத்தரும் வாய் திறக்க மாட்டார் என்று மேனுஜாவோடு வாதாடிச் சேர்த்தது.

காலிதீன் கையெழுத்து வைத்தார். பிறகு எழுந்து போய் ஒரு குறிப்புப் புத்தகத்தோடு வந்தார்.

மூன்று வருடத்தில் பதினான்கு தடவை பழுதான அரிசி பிடிபட்டிருந்தது. புழுத்தது, நனைந்தது, பூஞ்சணம் பிடித்தது. பதினான்கையும் நீதிமன்றம் தீனிக்கென்று விடுவித்திருந்தது. பதினான்கும் போனது ஒரே இடத்துக்கு. மாவடிப்பள்ளிக்கு அப்பால் ஒரு கோழிப்பண்ணை.

"விட முந்தி நான்தான் ஒவ்வொரு மூட்டையிலயும் நீலச் சாயம் ஊத்துற," என்றார். "மனுசர் தின்னப்படாதெண்டு."

"பண்ணையப் போய்ப் பாத்திரிக்கீங்களா, சேர்?"

"அது எண்ட பிரிவுக்குள்ள இல்ல தங்கச்சி." அவர் புத்தகத்தை மூடினார்.

நீதிமன்றக் கட்டளைகளின் பிரதிகளை ஜெனூபா தன் பெயரிலேயே விண்ணப்பித்து எடுத்தாள். அதில் விலாசம் இருந்தது. ஒரு காலை நேரம் ஆட்டோ பிடித்துப் போனாள். பெரும்போக நெல் முற்றிச் சாயத் தொடங்கியிருந்தது. வயல்களுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டில், கதவில் பூட்டு. கோழிப்பண்ணையைக் கண்ணுக்கு முன்னம் மூக்குக் கண்டுபிடித்துவிடும். இங்கே நெல் மணம் மட்டும்தான் வந்தது.

பக்கத்து வயல்காரர் காவல் வாடிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். காரைதீவு ஆள், பெயர் அழகரெத்தினம். அவரிடம் கோழிகளைப் பற்றிக் கேட்டாள்.

"கோழியா? மூணு வருசத்தில ஒரு இறகும் நான் காணல்ல பிள்ள." அவர் வாய்க்காலைக் காட்டினார். "லொறி வரும். அரிசி மூட்டைய இறக்குவாங்க. நாலஞ்சு பொம்புளையள் வந்து நிண்டு இதுக்குள்ள கழுவுவாங்க. அண்டைக்கு என்ட வயலுக்குத் தண்ணி நீலமா வரும். பிறகு காயப்போட்டுப் புதுச் சாக்கில கட்டி ஏத்திக்கொண்டு போவாங்க."

"எங்க ஏத்திப் போறாங்க?"

"அது நான் கேக்கிற வேலையில்லையே."

ஜெனூபா வாய்க்கால் ஓரம் குந்தினாள். புல்லை விலக்கிப் பார்த்தபோது சேற்றில் விரலளவு நீலக் கோடு படிந்து கிடந்தது. படம் எடுத்து நிமிர்ந்தாள். வண்டிப் பாதையில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. அதில் இருந்தவன் தலைக்கவசத்தைக் கழற்றவில்லை.

"ஆர்ர மகள் நீங்க?" என்று கேட்டான். அவள் பதில் சொல்ல முந்தி அவனே சொன்னான். "றாஹிலாத்தாட மகள்தானே. கொழும்புல படிப்பிக்கிற."

அவள் ஆட்டோவில் ஏறும்வரை அவன் நின்றான். பிரதான வீதி வரைக்கும் பின்னாலேயே வந்தான்.

மறுநாள் அஸர் தொழுகை முடிந்த கையோடு வீட்டு வாசலில் ஒரு வான் வந்து நின்றது. அப்துல் ஸமட் ஹாஜியார் இறங்கினார். அரிசி ஆலை, லொறிகள், நெல் வெட்டு மெசின்கள் என்று அந்தப் பக்கத்தில் பாதி வேலை அவர் கையில்தான். உம்மா முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு ஓடிப்போய்க் கதிரையைத் துடைத்தாள். ஹாஜியாருக்குப் பின்னால் ஒருவன் கீரிச் சம்பா மூட்டையொன்றைச் சுமந்து வந்து அறை மூலையில் வைத்தான். நேற்றைய அதே தலைக்கவசத்தோடேயே வந்து, அதோடேயே திரும்பிப் போனான்.

"நோன்புக்கு எண்ட சின்ன அன்பளிப்பு," என்றார் ஹாஜியார்.

"இந்த முறையும் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சிக்கு முப்பது நாளைக்கும் அரிசி நம்மட ஹாஜியார்தான்," என்று உம்மா பெருமையோடு மகளுக்குச் சொன்னாள். "ஊரே துஆ கேக்குது."

ஜெனூபா கையிலிருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். அவள் பார்வை மூட்டைப் பக்கம் போனதை ஹாஜியார் கண்டுகொண்டார். சாக்கின் வாயைத் தானே அவிழ்த்து ஒரு பிடி அள்ளிக் காட்டினார். மணி மணியாக வெள்ளை அரிசி.

"இது வீட்டுக்கு மகள்," என்றார். "பள்ளிக்குக் குடுக்குற வேற."

தேநீரை ஆறுதலாகக் குடித்து முடித்தார். எழும்பும்போது, ஏதோ ஞாபகம் வந்ததுபோல் சொன்னார்: "காலிதீன் நல்ல மனுசன். பென்சனுக்கு இன்னும் ரெண்டு வருசந்தான் இரிக்கி. இந்த வயசுல தூரத்துக்கு மாத்தினா கஸ்டம்தானே."

வான் போன பிறகும் ஜெனூபா அசையாமல் நின்றாள். காலிதீனைக் கண்டதை அவள் வெளியில் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை.

மேனுஜாவுக்குப் போன் எடுத்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மேனுஜா சம்மதப் படிவத்துக்கு வந்தார்.

"ஆபத்து வந்தா வெளிப்படுத்தலாமெண்டு ஒரு வரி போடுவமெண்டு நான் சொன்னன், ஞாபகமிருக்கா?"

"ஓம் மெடம். நான்தான் வேணாமெண்ட."

"ஒழுக்கவியல் குழு கூட இன்னும் பதினாறு நாள் இருக்கு. அதுக்கு முந்தி காலிதீன் தந்த எதையும் நீங்க வெளியில கொண்டுபோக ஏலாது. அவராச் சம்மதிச்சா மட்டுந்தான். போய்க் கேளுங்க."

காலிதீன் கதவைத் திறந்ததும் முதலில் வீதியின் இரண்டு பக்கமும் பார்த்தார். முன்னறையில் உட்காராமல் குசினிப் பக்கம் கூட்டிப்போனார். பள்ளிக் கஞ்சியைப் பற்றி அவள் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு மாற்றமும் தெரியவில்லை.

"ஒங்களுக்குத் தெரியும், சேர்," என்றாள்.

"சந்தேகம் இரிந்த." என்றார் அவர். "போன நோன்புல ஒரு நாளும் எண்ட வீட்டுக்குக் கஞ்சி எடுக்கல்ல."

"மத்த வீடுகள்?"

அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எண்ட பேரச் சொல்லாதீங்க தங்கச்சி. கடதாசில நீங்க எழுதித்தானே தந்த."

அவள் கோபத்தோடுதான் வெளியே வந்தாள். நடக்க நடக்க அந்தக் கோபம் தன் பக்கமே திரும்பியது. ஆனால் வாய்க்காலையும் பூட்டிய கொட்டிலையும் அவள் தன் கண்ணால் கண்டவள். அதற்குக் காலிதீனின் புத்தகம் வேண்டாம். கட்டளைப் பிரதிகள் அவளுடைய பெயரில் எடுத்தவை. அழகரெத்தினம் தான் கண்டதைச் சொல்லச் சம்மதித்தால் இரண்டு சத்தியக் கடதாசிகளோடு நீதிமன்றம் போகலாம்.

அழகரெத்தினம் சம்மதித்தார். "நஞ்சுத் தண்ணி பாஞ்சது என்ட வயலுக்கு. சொல்லுறன்," என்றார்.

இரண்டு நாள் கழித்து, கையெழுத்து வைக்கவேண்டிய காலையில், அவர் போன் எடுத்தார். அவருடைய பக்கம் காற்று இரைந்தது.

"வெட்டு மெசின் வராதாம் பிள்ள. எல்லார்ட வயலுக்கும் வருது, எனக்கு மட்டும் இல்லையாம். நெல்லுக் கொட்டுது. கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வருது." அவர் மூச்சு விட்டார். "நான் ஒண்டையும் காணல்ல. கோவிக்காத."

ஜெனூபா தன்னுடைய சத்தியக் கடதாசியோடு மட்டும் போனாள். நீதவான் நிதானமாக வாசித்தார். பண்ணையைப் பரிசோதித்து ஒரு கிழமைக்குள் அறிக்கை தரும்படி கட்டளையிட்டார். வெளியே வந்தபோது அவளுக்கு, பல நாளைக்குப் பிறகு, பசித்தது.

பரிசோதனைக்கு அவளும் போனாள். ஜீப் வயல் பாதையில் திரும்பியதுமே நாற்றம் மூக்கில் ஏறியது. கொட்டிலின் கதவு திறந்து கிடந்தது. உள்ளே கோழிகள். இருநூறுக்குக் குறையாது. புதுக் கம்பி வலை வெயிலுக்கு மினுங்கியது. ஒரு மூலையில் கடையின் விலைத் துண்டுகூட இன்னும் கிழிக்கப்படாமல் தொங்கியது. கோழிகளுக்கு இடம் பழகவில்லை போலும். ஒன்றின் மேலொன்று ஏறி ஒரு பக்கமாகவே ஒதுங்கி நின்றன.

"இதெல்லாம் இந்தக் கிழமை கொண்டுவந்த," என்றாள் ஜெனூபா.

பரிசோதிக்க வந்த உத்தியோகத்தர் அந்தக் கம்பி வலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நான் காணுறதத்தான் எழுதலாம், மிஸ்," என்றார். எழுதினார்: பண்ணை இயங்குகிறது.

பக்கத்து வயலில் இரண்டு வெட்டு மெசின்கள் இரைந்துகொண்டிருந்தன. அழகரெத்தினம் வரம்பில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஜீப் திரும்பிப் போகும்வரை அவர் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அறிக்கை கிடைத்ததும் மனு தள்ளுபடியானது. அவள் பள்ளித் தலைவரிடம் போனாள். நீதிமன்றமே பண்ணை இருக்கென்று சொன்ன பிறகு தான் என்ன செய்ய என்று கேட்டார் அவர். ஊரில் அவளைக் கண்ட பெண்கள் சலாம் சொல்லிவிட்டு நிற்காமல் போனார்கள். நோன்பு பிறக்க முதல்நாள் காலிதீன் போன் எடுத்தார். இடமாற்றக் கடிதம் வந்துவிட்டது. பஸ்ஸில் பத்து மணித்தியாலத் தூரம்.

"நீங்க எண்ட பேரச் சொல்லல்ல. அது எனக்குத் தெரியும்," என்றார். "ஆனா ஆரோ சொல்லியிரிக்கி தங்கச்சி."

முதல் நோன்பன்று பின்னேரம் உம்மா பள்ளிக்குப் போகவில்லை. மகள் சொன்னதை அவள் நம்பினாளா என்று ஜெனூபாவுக்குத் தெரியாது. போகாதீங்க என்றதற்குச் சரி என்றாள், அவ்வளவுதான். ஒழுங்கை வழியே வாளிகளும் சட்டிகளும் பள்ளிப் பக்கம் போயின. நிறைந்து திரும்பி வந்தன. தேங்காய்ப் பாலும் இஞ்சியும் மணத்தன.

பாங்குக்குக் கால் மணித்தியாலம் இருக்கும்போது படலையடியில் மோட்டார் சைக்கிள் நின்றது. தலைக்கவசக்காரன் மூடி போட்ட பானையொன்றை உம்மாவின் கையில் கொடுத்தான்.

"ஹாஜியார் ஒங்களுக்கெண்டே தனியா எடுத்துத் தந்த," என்றான். "பானையக் கையோட வாங்கி வரச் சொன்ன. நான் நிக்கிறன்."

அவன் படலையில் சாய்ந்துகொண்டான். அங்கிருந்து பார்த்தால் சாப்பாட்டு மேசை தெரியும்.

பாங்கு ஒலித்தது. இரண்டு பேரும் பேரீச்சம்பழத்தாலும் தண்ணீராலும் நோன்பு திறந்தார்கள். பானை நடுவில் இருந்தது. உம்மா மூடியைத் திறந்தாள். ஆவி அடங்கியது. வெள்ளைக் கஞ்சி, எந்த வீட்டுக் கஞ்சியையும்போல. உம்மா அகப்பையைத் தொட்டாள், தூக்கவில்லை.

"நான்தான் சொல்லிப் போட்டன், மகள்," என்றாள்.

ஜெனூபா நிமிர்ந்தாள்.

"ஹாஜியார்ட பொஞ்சாதிக்கிட்ட. எண்ட மகள் பெரிய ஆராய்ச்சி செய்யிறா, காலிதீன் சேரே அவவுக்கு உதவி செய்யிறாரெண்டு. வந்த கிழமையே சொல்லிப் போட்டன். நீ கைப்பையில வெச்சிருந்த கடதாசியில அவர்ர கையெழுத்தக் கண்ட." அவள் அகப்பையிலிருந்து கையை எடுத்தாள். "பெருமைக்குத்தான் சொன்ன. அல்லா மேல ஆணையா வேற ஒண்டுக்கும் இல்ல."

படிவத்தை மேசையில் திறந்த பையில் போட்டுவைத்தது ஜெனூபாதான். அவள் உம்மாவின் கையை ஒரு தரம் பிடித்துவிட்டு எழுந்தாள். போகிற வழியில் முன்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். குசினியில் காலி ஜாம் போத்தல்கள் மூன்று இருந்தன. மாதிரி எடுத்தால் மூன்று பங்காக எடுக்க வேண்டும் என்று அவள் வகுப்பில் படிப்பித்தவள். ஒரு பிரஜை குசினியில் எடுத்த மாதிரியை எந்த நீதிமன்றமும் ஏற்காது என்றும் படிப்பித்தவள். போத்தல்களைக் கொதிநீரால் கழுவித் துடைத்து மேசைக்குக் கொண்டுவந்தாள்.

வெளியே நின்றவன் கதவை ஒரு தரம் தட்டினான்.

"பானை, றாஹிலாத்தா," என்றான். குரலில் அவசரம் இல்லை.

உம்மா அகப்பையை எடுத்தாள். சிந்தாமல் முதலாவது போத்தலுக்குள் ஊற்றினாள். ஜெனூபா ஒரு துண்டுக் கடதாசியில் திகதியை எழுதினாள், நேரத்தை எழுதினாள், பிறகு தன் முழுப் பெயரையும் எழுதினாள். கதவு திரும்பவும் தட்டப்பட்டது. உம்மா இரண்டாவது போத்தலை இழுத்தெடுத்தாள்.