ஏழு சிவப்புத் துணி

செய்து முடித்த வேலைக்கு மறுபடி கூப்பிட்டு "சரியில்லை" என்று என்னிடம் சொன்ன வீடு, இந்த இருபத்திரண்டு வருஷத்தில் ஒன்றே ஒன்றுதான். அந்தத் தையல்காரம்மா வீடு. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை.

மரக்கிளை கழிப்பது என் தொழில். மரத்தை அடியோடு சாய்க்க ஆள் நிறைய உண்டு. மெஷினோடு வருவார்கள், அரை நாளில் சோலி முடிந்துவிடும். என்னிடம் வருகிறவர்கள் எல்லாம் பேராசைக்காரர்கள். மரமும் வேண்டும், மரத்துக்குப் பின்னால் இருப்பதும் தெரியவேண்டும். எந்தக் கிளையை எடுத்தால் எது தெரியும், எதைத் தொட்டால் மரம் தாங்காது என்று பார்த்துப் பார்த்து எடுப்பேன். ஒரு மரத்தின் இலையில் வருஷத்துக்கு நாலில் ஒரு பங்குக்கு மேல் கை வைக்கமாட்டேன். அதற்கு மேல் கேட்டால் ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். திமிர் பிடித்தவன் என்று பெயர் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்த வீடு மேட்டில் இருக்கிறது. பின்னறை ஜன்னலை ஒட்டித் தையல் மெஷின். ஜன்னலுக்கு வெளியே தோட்டம் சரிந்து இறங்குகிறது. சரிவில் இடது பக்கம் ஒன்றும் வலது பக்கம் ஒன்றுமாக இரண்டு தூங்குமூஞ்சி மரங்கள். இரண்டுக்கும் நடுவே, கீழே, ஏரி. அம்மா காலை எட்டு மணிக்கு மெஷினில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை அங்கேதான். ஊசியிலிருந்து கண்ணை எடுத்தால் ஏரி, ஏரியிலிருந்து எடுத்தால் ஊசி. வெளியே போவதென்றால் தைத்த துணியைக் கொடுக்கப் போவது மட்டும்தான்.

அம்மாவின் வீட்டுக்காரர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வீட்டுக்குக் குடிவந்த வாரமே இரண்டு கன்றையும் நட்டவர் அவர்தான். "ஓட்ட பஸ் இல்லாம இப்போ மரத்தை ஓட்டிக்கிட்டு இருக்கார்" என்று அம்மா கேலி செய்வார்.

முதல் தடவை போனபோது அம்மா இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினார். "ஏரி இவ்ளோ தெரியும் தம்பி. ரெண்டு பக்கமும் மரம் நெருங்கி நெருங்கி வந்து, இப்போ இவ்ளோதான் தெரியுது." கைகள் குறுகி, ஒரு முறம் அளவுக்கு வந்து நின்றன.

நான் அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். ஓரத்தில் கொஞ்சம் கிளை இறங்கியிருந்தது வாஸ்தவம். முறம் அளவெல்லாம் இல்லை. வாடிக்கையாளர் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

என் வேலைமுறை ஒன்று உண்டு. எடுக்கப்போகிற கிளைகளில் முதலில் சிவப்புத் துணி கட்டிவிடுவேன். பார்க்கப்போகிறவர் தன் இடத்தில் உட்கார்ந்து, நேரே பார்த்து, சரி என்று சொன்னால்தான் ரம்பத்தை எடுப்பேன். யாருடைய கண்ணுக்காக வெட்டுகிறேனோ அவர்தான் உட்காரவேண்டும். ஆனால் அன்றைக்கு அம்மா துணி கொடுக்கப் போயிருந்தார். "அட நான் பாத்தா என்ன, அவ பாத்தா என்ன" என்று டிரைவர் அண்ணன் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். நானும் சரி என்று விட்டேன். என் பிழைப்பில் நான் செய்த ஒரே மடத்தனம் அது.

வேலை முடிந்ததும் அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். "பஸ்ஸோட முன்கண்ணாடி மாதிரி இருக்கு, போ." சாயங்காலம் அம்மா வந்து உட்கார்ந்தார், பார்த்தார். "இனிமேதான் வெட்டப் போறீங்களா?" என்றார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்து நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

ஒரு மாதம் கழித்து அண்ணன் போன் செய்தார். குரலே சரியில்லை.

"ஒண்ணுமே மாறலைங்கிறா. முன்னைவிட கிட்ட வந்துடுச்சாம். ரெண்டு மரத்தையும் அடியோட எடுத்துடச் சொல்றா. நீங்க ஒரு தடவை வந்து பாருங்க. உங்களால முடியலேன்னா மெஷின்காரனைத்தான் கூப்பிடணும்."

ஒரு மாதத்தில் தூங்குமூஞ்சி எவ்வளவு வளரும்? வெட்டிய இடத்தில் ஒரு சாண் துளிர் விட்டிருக்கும். அது எப்படி ஏரியை மறைக்கும்? எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. கீழே நின்று கயிறு பிடிக்கிற என் மச்சானையும் கூட்டிக்கொண்டு போனேன்.

நாங்கள் பின்னறைக்குள் நுழையும்போதே அம்மா ஒரு ஸ்டூலில் முட்டிக்கொண்டார். "யாரு இதை இங்க கொண்டுவந்து வெச்சது?"

"அது அங்கதாம்மா இருக்கு, பதினஞ்சு வருஷமா" என்றார் அண்ணன்.

"பொய் சொல்லாதீங்க. எல்லாத்தையும் நகர்த்தி நகர்த்தி வெக்கிறதே உங்களுக்கு வேலையாப் போச்சு."

அம்மாவின் இடது முழங்கைக்கு மேல் ஒரு பழைய காயம் கன்றிப்போயிருந்தது. புருஷன் பெண்டாட்டி சண்டையில் நமக்கென்ன என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். ஏரி இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை பளிச்சென்று தெரிந்தது. எதிர்க்கரையில், நட்டநடுவே, வெள்ளையடித்த பம்ப் ரூம். இதற்கு மேல் எதைத் திறப்பது? கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தேன். என் கண்தான் என்னை ஏமாற்றுகிறதோ என்று ஒரு நிமிஷம் சந்தேகமே வந்துவிட்டது.

"எந்த நேரத்துலம்மா ரொம்ப மறைக்குது?"

"சாயங்காலம்தான் தம்பி. அப்போ ரெண்டு பக்கமும் வந்து மூடிக்கும்."

இதுதான் என்னை ஒரேயடியாகக் குழப்பியது. தூங்குமூஞ்சிக்கு அந்தப் பெயர் வந்ததே சாயங்காலமானால் இலையை மடக்கிக்கொள்வதால்தான். இலை மடங்கினால் சந்து சந்தாக வெளிச்சம் வரும். பகலைவிட நன்றாகத் தெரியவேண்டும். "அது எப்படிம்மா மூடும்? நடக்கிற காரியமா சொல்லுங்க" என்று கொஞ்சம் காட்டமாகவே கேட்டுவிட்டேன். அம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று.

"மாமா, இந்த வீட்டு மரம் மட்டும் ராத்திரி ஷிஃப்ட் பாக்குது போல" என்று மச்சான் என் காதில் சொன்னான். அவனை முறைத்தேன்.

சரி, முறைப்படியே செய்வோம் என்று முடிவு செய்தேன். இந்தத் தடவை அம்மாவே நாற்காலியில் உட்கார்ந்தார். நான் இரண்டு மரத்திலும் மாறி மாறி ஏறி ஏழு துணி கட்டினேன். ஓரக் கிளைகளில் இடது பக்கம் இரண்டு, வலது பக்கம் இரண்டு. ஏரியை ஒட்டி உள்பக்கமாக நீளும் கிளைகளில் மூன்று. கட்டிவிட்டு மரத்தில் இருந்தபடியே போனைக் காதில் வைத்தேன்.

"தலையைத் திருப்பாம, நேரா பம்ப் ரூமைப் பாருங்கம்மா. எத்தனை துணி தெரியுது?"

"மூணு."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. ஏழு கட்டியிருக்கேன்."

"மூணுதான் தம்பி. மீதியைத்தான் மரம் மறைக்குதே."

துணி கட்டியிருப்பதே மரத்தின் இந்தப் பக்கம். மரம் எப்படித் தன் முன்னால் இருப்பதை மறைக்கும்? இறங்கி ஓடினேன். நாற்காலியில் உட்கார்ந்து எண்ணினேன். ஏழு. அண்ணனை உட்காரவைத்தேன். "ஏழு" என்றார். மச்சான் உட்கார்ந்து "எட்டு" என்றான். கிளையில் நான் மாட்டிவிட்டு வந்த துண்டையும் சேர்த்து எண்ணிவிட்டான் பாவி.

அம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "மூணு பேரும் சேர்ந்துக்கிட்டு என்னைப் பைத்தியம்னு சொல்லப் போறீங்களா?"

"அப்படி இல்லம்மா" என்று இழுத்தேன். யார் சொல்வது நிஜம்? அந்த அம்மா பொய் சொல்கிற ஆள் இல்லை. நாங்கள் மூன்று பேரும் குருடர்களும் இல்லை.

அம்மா மறுபடி உட்கார்ந்தார். கோபத்தில் வெடுக்கென்று இடது பக்கம் தலையைத் திருப்பினார். "அட, அங்க ரெண்டு இருக்கே" என்றார். பிறகு பம்ப் ரூமைப் பார்த்தார். "போயிடுச்சு." மறுபடி திரும்பினார். "இருக்கு." மறுபடி நேரே.

டிரைவர் அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் இருந்த சிரிப்பெல்லாம் யாரோ துடைத்து எடுத்துவிட்டதுபோல் இருந்தது. மெதுவாக நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார்.

"நேரா பாரும்மா. என் கை எப்போ தெரியுதுன்னு சொல்லு."

இடது காதுக்குப் பக்கத்திலிருந்து விரலை ஆட்டிக்கொண்டே கையை முன்னால் கொண்டுவந்தார். கை கன்னத்தைத் தாண்டியது. மெஷின் பலகையின் ஓரத்துக்கு நேராக வந்தது. இன்னும் முன்னால் வந்தது.

"எங்க, கொண்டுவாங்க" என்றார் அம்மா.

கை கிட்டத்தட்ட மூக்குக்கு நேரே இருந்தது. இன்னும் ஒரு விரல்கடை நகர்ந்ததும் அம்மா திடுக்கிட்டார். வலது பக்கமும் அப்படியேதான்.

அண்ணன் கையை இறக்கவே இல்லை. "டிப்போவுல வருஷா வருஷம் எனக்கு இப்படித்தான் டெஸ்ட் பண்ணுவாங்க" என்றார். "இப்படி இருந்தா பஸ் சாவியைத் திருப்பி வாங்கிடுவாங்க."

அம்மா கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு தலையை நன்றாகத் திருப்பி, கீழே கிடந்த ஸ்டூலைப் பார்த்தார்.

"அப்போ ஸ்டூலும் அங்கேயேதான் இருந்துச்சா?"

"ஆமா."

"உங்களை எவ்ளோ திட்டியிருக்கேன்."

"அதை விடு" என்றார் அண்ணன்.

எனக்கு அங்கே நிற்கவே வெட்கமாக இருந்தது. கண் சுருங்கிக்கொண்டே வந்த ஒரு மனுஷிக்கு நான் ரம்பத்தால் வைத்தியம் பார்த்திருக்கிறேன். போதாததற்கு நடக்கிற காரியமா சொல்லுங்க என்று அதட்டல் வேறு. முதல் நாளே அவரை நாற்காலியில் உட்காரவைத்திருந்தால் ஒரு மாதம் முன்னாலேயே தெரிந்திருக்கும். ஒரு மாதத்தில் எவ்வளவு போயிருக்குமோ. அதை அம்மாவிடம் சொல்லியும் விட்டேன். "உங்களுக்கு எப்படித் தம்பி தெரியும், எனக்கே தெரியலையே" என்றார். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

மறுநாளே கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டு வந்திருக்கிறது. வெளிச்சம் மங்கினால் இன்னும் குறுகுமாம், சாயங்காலம் மரம் வந்து மூடிக்கொண்டது அதனால்தான். போனது போனதுதான், இனி திரும்பாது. இருப்பதையாவது காப்பாற்றச் சொட்டு மருந்து. காப்பாற்றுமா இல்லையா என்பது போகப்போகத்தான் தெரியும் என்றாராம் டாக்டர். இருக்கிற பார்வையும் போனால் மெஷினும் இல்லை, ஏரியும் இல்லை. அண்ணன் போனில் இதைச் சொல்லிவிட்டு, "மரத்தை ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்றார்.

அந்த வருஷம் முழுக்க நான் அந்தத் தெருப்பக்கம் போகவில்லை. பயம்தான், வேறென்ன.

ஒரு வருஷம் கழித்து அம்மாவே போன் செய்தார். "தம்பி, நாளைக்கு வர முடியுமா? வெட்ட வேண்டாம். துணி மட்டும் கட்டணும். அன்னைக்குக் கட்டின அதே இடத்துல."

"ஆஸ்பத்திரியில பாக்கலையாம்மா?"

"அங்க ஒரு பெட்டிக்குள்ள தலையை விடச் சொல்றாங்க. புள்ளி புள்ளியா வருது, போகுது. அப்படியே இருக்குன்னு டாக்டர் சொல்றார். என் மனசு நம்ப மாட்டேங்குது. எனக்கு நீங்க கட்டுற துணிதான் கணக்கு."

போனேன். அன்றைக்குக் கட்டி அவிழ்த்த ஏழு கிளையும் எனக்கு மறக்கவில்லை. அதே ஏழு இடம் கண்டுபிடித்துக் கட்டினேன். மச்சான் கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். அன்றைக்கு ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. போனைக் காதில் வைத்தேன்.

"பம்ப் ரூமைப் பாருங்கம்மா."

"பாக்கிறேன்."

அண்ணன் மூச்சுவிடுவது போனில் கேட்டது. ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது? இரண்டாகிவிட்டதா? ஒன்றாகிவிட்டதா? நான் கிளையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"மூணு" என்றார் அம்மா.

"எந்த மூணு? எந்த மூணுன்னு கேளுங்க" என்று பின்னாலிருந்து அண்ணன் குரல்.

அம்மா ஒவ்வொன்றாகச் சொன்னார். அதே மூன்று. ஏரியை ஒட்டிய அதே மூன்று கிளைகள். ஒரு துணிகூடக் குறையவில்லை. "அதேதாம்மா" என்று மட்டும் சொன்னேன். அண்ணன் அழுவது போனில் நன்றாகவே கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து, "அவிழ்த்துடட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம் தம்பி, அப்படியே இருக்கட்டும். தினமும் நானே எண்ணிக்கிறேன்."

"அப்போ மீதி நாலு எதுக்கும்மா? அது உங்களுக்கு..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"மூணை நான் பாத்துக்கிறேன்" என்றார் அம்மா. "அந்த நாலை இவர் பாத்துச் சொல்லட்டும். சும்மாதானே உக்காந்திருக்கார்."

கிளை பருக்கும்போது பட்டையில் இறங்கிவிடாதபடி, ஏழு முடிச்சையும் அவிழ்த்துத் தளர்த்திக் கட்டிவிட்டுக் கீழே இறங்கினேன்.