மூச்சை வெட்டிய பெட்டி

"கடைசி அத்தியாயத்துல அந்த அம்மா பேசவே இல்லையே மேடம்," என்றார் ஒலிப்புத்தக நிறுவனத்துப் பதிப்பாசிரியர் தொலைபேசியில். "ஓட்டை ஓட்டையா அமைதிதான் இருக்கு. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள சரியா வரலன்னா, முழுசையும் வேற ஆள வெச்சு எடுக்கச் சொல்றாங்க."

இரண்டு மாத உழைப்பு. சாகக் கிடக்கும் தாய் மகனிடம் முனகும் அந்த இரண்டு பக்கங்களுக்காகவே இந்த நாவலை வாசிக்க ஒப்புக்கொண்டேன்.

துணிகளை ஒதுக்கிவிட்டு நான் பதிவு செய்யும் சாமான் அறைக்குப் போனேன். போன வாரம் கணவரோடு போய் வாங்கிய ப்ரீஆம்ப் பச்சை விளக்கோடு உட்கார்ந்திருந்தது. மைக்கின் ஒலியைப் பெருக்கித் தர ஒரு குமிழ் போதும் என்று கடையில் சொன்னேன். கடைக்காரர் அவரிடம்தான் பேசினார். அவரும் பதினோரு குமிழ் உள்ளதைத் தூக்கிக்கொண்டார்.

"இந்த 'கேட்' குமிழை யார் திருகி வெச்சது?"

"நான்தான்," என்றார் வாசலில் நின்றபடி. "குரல் சன்னமானா தானா அடைச்சிடும். உனக்கு மூச்சு சத்தம் ஜாஸ்தி வருதுல்ல, அதான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வேணாம்ப."

பதிவின்போது என் ஹெட்போனுக்கு என் குரல் நேராக வந்தது. கணினிக்கு மட்டும் அடைத்து, நறுக்கி, மழுப்பிப் போயிருக்கிறது. அப்படிப் பதிவானதை இனி மீட்க முடியாது. தொண்டையைக் காப்பாற்றிக்கொள், கேட்டுப் பார்த்து அனுப்புவதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றவரும் அவர்தான்.

"கேட்டுட்டுத்தானே அனுப்பினீங்க?"

"ஆரம்பத்துல கொஞ்சம் கேட்டேன். சுத்தமா இருந்துச்சும்மா."

சுத்தம். இருபது வருடமாக என்னைத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறார். விருந்தாளிகள் முன் பாதி வாக்கியத்தில் குறுக்கிட்டு, "அவ என்ன சொல்ல வர்றான்னா" என்று ஆரம்பிப்பார். அப்போதெல்லாம் சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்பை நினைத்தபோது அவரைவிட என் மேல்தான் அதிகம் எரிந்தது.

புதுப் பெட்டியைப் பிடுங்கினேன். லேசாக இரைகிற பழையதை மாட்டினேன்.

"இரு, நான் அளவு பாத்துத் தரேன்."

"ஃபேனை நிறுத்திட்டு வெளிய போங்க."

நாவலில் அந்தத் தாய் மகனை மன்னிக்கிறாள். என் நாக்கு மறுத்தது. மூன்று முறை வாசித்தேன். மூன்றும் திட்டுவதுபோலவே வந்தன. பிறகுதான் தோன்றியது: அவளுக்கும் கோபம் இருந்திருக்கும், கத்துவதற்குத்தான் மூச்சில்லை. அப்படியே வாசித்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் காற்றை இழுக்கும் சத்தம் கேட்டது. கேட்கட்டும் என்று விட்டேன்.

நானே ஒரு முறை முழுக்கக் கேட்டு, நாலே முக்காலுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில்: "இதுதான் வேணும். மத்த அத்தியாயங்களையும் எடுத்துக்கறோம்."

கணவர் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார்.

"பாத்தியா, ஒண்ணும் ஆகல. அடுத்த புக்குக்கு அந்த கேட்டை மட்டும் அணைச்சு வெச்சா போச்சு."

"அடுத்த புக்குக்கு இந்த ரூமுக்குப் பூட்டு போடப்போறேன்."

"வீட்டுக்குள்ள எதுக்கும்மா பூட்டு?" சிரித்தார். "சரி, எந்த மாதிரின்னு சொல்லு, நல்லதா பாத்து வாங்கிட்டு வரேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு நானே கடைக்குக் கிளம்பினேன்.