ஏழு நாள் மருந்தும் மூன்று நாள் மாமனும்

அக்கா மகள் திரிஷாவுக்குக் காதில் சீழ் வடிந்தது. மூன்று வயது. இரண்டு நாளாகக் காய்ச்சல். காலையில் பார்த்தால் தலையணையில் மஞ்சளாக ஒரு வட்டம். கம்பத்துக்கு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். துணைக்கு என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம், அந்த வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று எல்லாரும் நம்பியது. நானும் மறுத்ததில்லை.

எனக்குச் சொந்த ஊர் தேவதானப்பட்டி. உத்தமபாளையத்தில் பி.எஸ்ஸி. விலங்கியல் இரண்டாம் வருடம். அதற்காகச் சுருளிப்பட்டியில் திரிஷாவின் அம்மா கிருபாவதி அக்கா வீட்டில் தங்கிப் படித்தேன். அதாவது, தங்கினேன்.

டாக்டர் காதுக்குள் லைட் அடித்துப் பார்த்து, ஆன்டிபயாட்டிக் சிரப் எழுதிக் கொடுத்தார். மாடிப்படிக்குக் கீழே மெடிக்கல். அங்கே லத்திபா என்று ஒரு அக்கா. பின்னால் எட்டுப் பேர் நிற்க, பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் எனக்குப் பாடம் எடுத்தார்.

"தம்பி, உள்ள இருக்கது பவுடரு. மொத நல்லாத் தட்டி உதுத்துக்கங்க. தண்ணியக் கொதிக்க வச்சு ஆற விட்டு ஊத்தணும். சூடா ஊத்திறாதீக. பாதி ஊத்திக் குலுக்கிட்டு, அப்பறம் இந்தக் கோடு வரைக்கும் ஊத்தி இன்னொருக்கக் குலுக்குங்க. ஒவ்வொரு நேரமும் குலுக்கித்தான் குடுக்கணும். வீட்டுக் கரண்டி வேணாம், இந்த மூடியில நாலு எம்.எல். காலையில ஒன்னு, சாயங்காலம் ஒன்னு. வெயில் படாமக் குளுமையா வைங்க. காய்ச்சல் விட்டாலும் மருந்த விட்டுறாதீக, ஏழு நாள். மிச்சம் இருந்தா ஊத்திருங்க, எடுத்து வைக்காதீக."

சொல்லும்போதே இடது உள்ளங்கையில் பேனாவால் ஒவ்வொன்றாகக் கோடு போட்டார். முடித்துவிட்டு, "திருப்பிச் சொல்லுங்க பாப்போம்" என்றார்.

"எத்தன மார்க் கொஸ்டின்க்கா இது?"

வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். லத்திபா அக்கா சிரிக்கவில்லை. "பிள்ளைக்குக் குடுக்கற மருந்து தம்பி" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் லத்திபா அக்காவாகவே மாறினேன். குரல், உள்ளங்கை, பேனா, எதையும் விடவில்லை. முத்துக்கருப்பன் மச்சான் சிரித்ததில் சோறு புரையேறியது. திரிஷாவும் வாயைத் திறந்து சிரித்தாள். திறந்த வாயில் அக்கா மருந்தை ஊற்றினாள். அன்றிலிருந்து வேளை தவறாமல் என் மிமிக்ரி, திரிஷாவின் சிரிப்பு, நாலு எம்.எல். 'ஏழு நாள், விட்டுறாதீக' என்று என் வாயாலேயே ஆறு தடவை சொல்லியிருக்கிறேன்.

மூன்று நாளில் காய்ச்சல் விட்டது. காது காய்ந்தது. திரிஷா கோழியை விரட்டிக்கொண்டு ஓடினாள்.

மச்சானுக்கு ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சை. அவருக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் பந்தலுக்குக் கீழே நின்று கற்றது. "அதான் இல தெளிஞ்சிருச்சுல்ல மாப்ள, இன்னும் எதுக்கு மருந்து? தெளிஞ்ச பெறகும் அடிச்சா கொடிதான் வெந்து போகும். மூடி வையி, அடுத்த தடவைக்கு ஆகும்."

திராட்சைக்கு அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். திரிஷா திராட்சை இல்லை என்று எடுத்துச் சொல்லவேண்டிய ஆள் நான்தான்.

அக்கா என்னைப் பார்த்தாள். "ஏலே, அந்த மருந்துக்கடப் பிள்ள ஏழு நாளுன்னு சொல்லுச்சேடா?"

"அதெல்லாம் யேவாரம்க்கா. நான் படிச்சிருக்கேன்ல."

பாட்டிலை ஏற்கெனவே விற்றுவிட்டவருக்கு இதில் இன்னும் என்ன வியாபாரம் என்று அக்கா கேட்கவில்லை. படித்தவனிடம் கேட்கக்கூடாது என்று நினைத்திருப்பாள். நான் படித்திருந்ததும் உண்மைதான். மருந்தைப் பாதியில் நிறுத்தினால், சாகாமல் மிஞ்சிய கிருமி மறுபடி பெருகும் என்று பரீட்சையில் எழுதி ஐந்துக்கு நாலு வாங்கியவன்.

நிறுத்தச் சொன்னதற்குக் காரணம் வேறு. என் மிமிக்ரி இல்லாமல் திரிஷா வாயைத் திறக்கமாட்டாள்; சாயங்கால மருந்துக்கு நான் ஆறு மணிக்கு வீட்டில் இருக்கவேண்டும். கல்லூரி விழாவுக்கு ஒத்திகை அதே நேரம். நான் போட்ட ஐட்டம், மருந்துக்கடை அக்கா. மருந்தை விடாதீர்கள் என்று மேடையில் சொல்லிப் பழகுவதற்காகத்தான் வீட்டில் மருந்தை விட்டேன். விழாவில் விசில் பறந்தது.

பதினைந்தாம் நாள் திரிஷாவுக்கு மறுபடி காய்ச்சல் அடித்தது. காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு அழுதாள். அடுப்படி அலமாரியிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்தேன். நிறம் மாறி, அடியில் களி மாதிரி இறுகியிருந்தது. நன்றாகக் குலுக்கினேன். அது ஒன்றை மட்டும் லத்திபா அக்கா சொன்னபடி செய்தேன்.

மூன்று வேளை கொடுத்தேன். மூன்றாவது வேளையை வாந்தி எடுத்தாள். மறுநாள் காலையில் அக்கா பின்னால் நின்று, "ஆத்தா, வாடி" என்று கூப்பிட்டாள். திரிஷா திரும்பவில்லை. கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டாள். அப்போதும் திரும்பவில்லை. அக்கா என்னைப் பார்த்த பார்வையை எந்த மிமிக்ரியிலும் செய்து காட்ட முடியாது.

அதே டாக்டர். காதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "போன தடவ குடுத்தத முழுசாக் குடுத்தீங்களாம்மா?"

அக்கா ஒரு நொடி என் பக்கம் திரும்பினாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "குடுத்தோம் சார். ஏழு நாளும்" என்றாள்.

எனக்காகச் சொன்ன பொய்.

"ஏழு நாள் குடுத்தும் திரும்ப வந்துருக்குன்னா, இது அந்த மருந்துக்குக் கட்டுப்படலன்னு அர்த்தம். தேனி பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன். சேத்துட்டீங்கன்னா ஊசி மருந்து ஏத்துவாங்க."

அவர் எழுத ஆரம்பித்தார். மூன்று வரி எழுதும் வரை உண்மையைச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. நாலாவது வரிக்கும் இருந்தது. சீட்டை மடித்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

படிக்குக் கீழே லத்திபா அக்கா திரிஷாவைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். "என்னக்கா, இன்னும் சரியாகலயா?" என்று சீட்டை வாங்கிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"தேனிக்கா? ஏழு நாள் குடுத்துமா கேக்கல?" என்னைப் பார்த்தார். "தண்ணி கூடக்கொறைய ஆயிருச்சோ தம்பி? அன்னைக்குக் கூட்டத்துல நான்தான் சரியா வெளங்கச் சொல்லாம விட்டுட்டேனோ?"

கேலி இல்லை, குத்தல் இல்லை. நிஜமாகவே யோசித்தார். அவருடைய கை தானாக உள்ளங்கையில் கோடு போட்டு, எதை விட்டோம் என்று எண்ணிக்கொண்டிருந்தது.

"நீங்க எல்லாம் சொன்னீகக்கா" என்றேன். "நான் மூணு நாள்தான் குடுத்தேன். மிச்சத்த எடுத்து வச்சு நேத்துக் குடுத்தேன்."

கடையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. நான் எதிர்பார்த்தது நாலு திட்டு. திட்டினால் பதிலுக்கு ஏதாவது சொல்லி ஒப்பேற்றியிருப்பேன். லத்திபா அக்கா கல்லாப் பலகையைத் தூக்கிவிட்டு வெளியே வந்தார்.

"வாங்க மேல. இத என்கிட்டச் சொல்லி என்ன ஆகும்? டாக்டர்ட்டச் சொல்லணும். நீங்களே சொல்லுங்க."

உள்ளே இருந்த நோயாளியை நிறுத்தி வைத்துவிட்டு டாக்டர் கேட்டார். சொன்னேன்.

"எப்பக் கலந்த மருந்த நேத்துக் குடுத்தீங்க?"

"பதினேழு நாள் இருக்கும் சார்."

"என்ன படிக்கிறீங்க?"

சொன்னேன். அவர் தேனிச் சீட்டை வாங்கிக் கிழித்தார். திரிஷாவை மறுபடி படுக்க வைத்து, இரண்டு காதையும் நேரம் எடுத்துப் பார்த்தார்.

"மருந்து மேல தப்பில்ல. புதுசா ஆரம்பிக்கணும், பத்து நாள். ஒரு வேள விடக்கூடாது. ரெண்டு நாள்ல காய்ச்சல் எறங்கலன்னா அப்பவே தூக்கிட்டு வாங்க. காதுக்குள்ள நீர் கோத்துருக்கு. கொஞ்ச நாளைக்கு மந்தமாத்தான் கேக்கும். பெரும்பாலும் சரியாயிரும். ஒரு மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க, பாத்துட்டுச் சொல்றேன்."

பெரும்பாலும் என்ற சொல்லை அதுவரை நான் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

லத்திபா அக்கா இரண்டு பாட்டில் எடுத்து வைத்தார். ஒன்று தீர்ந்த பிறகுதான் அடுத்ததைக் கலக்கவேண்டும் என்று சொன்னார். முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். இந்தத் தடவை அக்காவிடம். என் பக்கம் திரும்பவே இல்லை.

பஸ்ஸில் சின்னமனூர்க்காரர் ஒருவர் வாழைத்தார் வைக்க இடம் கேட்டபோது எழுந்து நின்றுகொண்டேன். உட்கார்ந்திருக்க ஒரு மாதிரி இருந்தது.

வீட்டில் தண்ணீர் கொதிக்க வைக்கப் போனேன். "நீ தொடாத" என்றாள் அக்கா. அவளே கொதிக்க வைத்து, ஆற வைத்து, கோட்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து ஊற்றினாள். மச்சான் செய்தி கேட்டுவிட்டு, "மாப்ள, நான் பந்தலச் சொன்னேன்யா. நீ படிச்ச பய, நீயுமா?" என்றார். அவ்வளவுதான். பிறகு பந்தலுக்குப் போய்விட்டார்.

பத்து நாளும் அக்காவே கொடுத்தாள். திரிஷா பல்லைக் கடித்துக்கொண்டு அழுவாள். அக்கா மடியில் இறுக்கிப் பிடித்து, கன்னத்துப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவாள். நான் வாசலில் நிற்பேன். நாள்காட்டியில் கோடு போடுவது மட்டும் என் வேலை. யாரும் சொல்லவில்லை, நானாக எடுத்துக்கொண்டது. திரிஷா என்னைக் கண்டாலே வாயை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கிவிட்டது. பத்தாம் நாள் கடைசி வேளை முடிந்ததும் பாட்டிலில் கிடந்த மிச்சத்தை அக்கா கீழே ஊற்றினாள்.

அன்று சாயங்காலம் திரிஷா முற்றத்தில் உட்கார்ந்து புளியங்கொட்டை பரப்பிக்கொண்டிருந்தாள். அக்கா கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் பூனை மாதிரிப் பின்னால் போய் நின்று, மெதுவாக, "திரிஷா" என்றேன்.

திரும்பவில்லை.

"திரிஷா."

புளியங்கொட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கொடிப் பக்கம் அக்காவின் கை அப்படியே நின்றது.

மூன்றாவது தடவை கூப்பிட்டபோது திரும்பினாள். என்னைப் பார்த்தாள். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, மறுபடி புளியங்கொட்டைக்குத் திரும்பிவிட்டாள்.

முதல் இரண்டு தடவை கேட்கவில்லையா, இல்லை, கேட்டும் இவனுக்கெல்லாம் எதற்குத் திரும்பவேண்டும் என்று இருந்தாளா, தெரியவில்லை. டாக்டரிடம் போக இன்னும் இருபது நாள் இருந்தது. அந்தப் பிள்ளைக்கு என்னைப் பிடிக்காமல் போயிருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.