தார்ப்பாய் மூடிய ஆறு மூட்டைகள்

அண்ணனின் வலது கையைக் கழுவும் வேலை ஜீவானந்தத்துக்கு வந்து சேர்ந்தது. யாரும் யோசித்துக் கொடுக்கவில்லை. வாசலில் பெஞ்சைப் போட்டு, மூன்று பக்கமும் சேலை கட்டி மறைத்து, உடம்பைக் கொண்டுவந்து கிடத்தியதும் பங்காளிகள் தலைமாடு, கால்மாடு என்று இடம் பிடித்துக்கொண்டார்கள். மிச்சம் இருந்தது அந்தக் கைதான். எல்லா இடத்துக்கும் தாமதமாக வருகிறவனுக்கு மிச்சம்தானே கிடைக்கும்.

நகக்கண்களில் மண் இருந்தது. நேற்றுக் காலை நிலத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தபோது அண்ணன் தருமன் வரப்பில் உட்கார்ந்தார், பிறகு எழுந்திருக்கவில்லை. ஆரணி ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்றார்கள். ஐம்பத்திரண்டு வயது. ஜீவானந்தம் ஒரு ஈர்க்குச்சியை ஒடித்து ஒவ்வொரு நகமாகச் சுரண்டினான்.

"விடுறா, எவ்ளோ நேரம் அதையே நோண்டிகினு இருப்ப" என்றார் சோப்பு போட்டுக்கொண்டிருந்த பங்காளி. "கோடித்துணி போத்திட்டா கை எவனுக்குத் தெரியப்போவுது."

அந்தக் கைக்கு ஊரில் ஒரு மரியாதை இருந்தது. தருமனுக்கு இருந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது, ஆனால் மணிலாக் கடலை விதைப்பானாலும் நாற்றுவிடுவதானாலும் நிலக்காரர்கள் முதல் பிடி விதையைத் தருமன் கையால்தான் போடச் சொல்வார்கள். அவர் போட்டால் பழுதில்லாமல் முளைக்கும் என்பது பேச்சு. வெற்றிலை பாக்கோடு ஒரு துண்டு தருவார்கள். முப்பது வருடமாக வீட்டில் துண்டுக்குப் பஞ்சமில்லை, வேறு எல்லாவற்றுக்கும் இருந்தது.

தம்பி ஜீவானந்தத்தின் பிழைப்பு நேர் எதிர். கண்ணமங்கலம் ரோட்டிலிருக்கும் ஒரு குளிர்பதனக் கிடங்கில் உருளைக்கிழங்குக்கு மருந்துப் புகை அடிப்பது அவன் வேலை. கிழங்கை மூட்டையில் கட்டி எத்தனை குளிரில் வைத்தாலும் இரண்டு மூன்று மாதத்தில் கண் திறந்து முளைவிடப் பார்க்கும். முளைவிட்ட கிழங்கை சிப்ஸ் கம்பெனிக்காரன் தொடமாட்டான். அதனால் ஒரு நீளக் குழாய் வைத்த மெஷினை வாசலில் நிறுத்தி, காதைப் பிளக்கிற சத்தத்தோடு உள்ளே புகையை விட்டு, கதவை இரண்டு நாள் சாத்திவிட வேண்டும். மருந்து கண்ணுக்குத் தெரியாத பொடியாகக் கிழங்குமேல் உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பிறகு கிழங்குக்கு வயதே ஆகாது. அடிக்கிறவனுக்குத்தான் ஆகும்.

"எங்க வூட்ல ஒரு கை மொளைக்க வைக்கும், ஒரு கை அமுக்கி வைக்கும்" என்று டீக்கடையில் பதினோரு வருடமாக ஒரே ஜோக்கைச் சொல்லிக்கொண்டிருந்தான். சிரித்தவர்களும் அதே ஆட்கள்தான்.

போன ஆவணியில்தான் தருமனுக்கு அந்த ஆசை வந்தது. மற்றவன் நிலத்திலேயே முதல் பிடி போட்டாயிற்று, ஒரு தடவை நம் நிலத்தில் போட்டால் என்ன? ஆரணியில் பட்டுச்சேலை வியாபாரம் செய்யும் ஜெகநாதனுக்கு ஊர்ப்பக்கம் நிலம் உண்டு. அதில் முப்பது சென்ட்டைக் குத்தகைக்கு எடுத்தார். போட்டது நெல்லுமில்லை, மணிலாவுமில்லை. ஓசூர் பக்கம் வேலைக்குப் போய் வந்த எவனோ சொன்னதைக் கேட்டு, மார்கழிக் குளிருக்கு இங்கேயும் உருளைக்கிழங்கு வரும் என்று ஆறு மூட்டை விதைக்கிழங்கு வாங்கிவந்துவிட்டார். ஊர் அவருக்கு ஊட்டி தருமன் என்று பெயர் வைத்தது. அவருக்கே அது பிடித்திருந்தது.

கார்த்திகை நடவுவரை அந்த ஆறு மூட்டையை எங்கே வைப்பது? தம்பி கிடங்கில் இருக்கிறானே.

விதைக்கிழங்கு மருந்து அடிக்கிற அறைப்பக்கமே வரக்கூடாது, மருந்து சுவரிலேயே ஊறியிருக்கும் என்று புகை மெஷின் கொண்டுவந்த இன்ஜினியர் என்றோ சொல்லியிருந்தார். ஜீவானந்தம் பலமாகத் தலையாட்டினான். மூட்டைகளைப் பக்கத்து அறையில் வைக்கத்தான் நினைத்தான், அங்கே புளி நிறைந்திருந்தது. இரண்டாம் நம்பர் அறையின் மூலையில் வைத்தான். புரட்டாசியில் அந்த அறைக்கே மருந்து அடிக்கும் நாள் வந்தது. அன்றைக்கு மூட்டை தூக்குகிற ஆட்கள் ஒருவரும் இல்லை, கூட்டமாகத் திருப்பதிக்குக் கிளம்பிவிட்டார்கள். ஆறு மூட்டை, ஒரு ஆள், அந்த ஆளுக்கு முட்டிவலி. ஒரு தார்ப்பாயை இரண்டாக மடித்து மூட்டைகள்மேல் போர்த்தி, கயிறு சுற்றி, ஓரமெல்லாம் செங்கல் அடுக்கினான். அண்ணன் மூட்டை என்று புகைக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தானோ என்னவோ. கதவைச் சாத்திவிட்டு மெஷினை ஓட்டினான்.

கார்த்திகையில் ஊரே வேடிக்கை பார்க்க, தருமன் கற்பூரம் ஏற்றி முதல் கிழங்கைப் புதைத்தார். மூன்றாவது வாரமும் கிழங்கு நட்ட பார் மேடு மொட்டையாகவே இருந்தது. இருபத்தைந்தாவது நாள் ஒன்றைத் தோண்டி எடுத்துத் துடைத்தார்கள். புதைத்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. கடையில் வைத்து விற்கலாம். அழுகியிருந்தாலாவது மழை, பூச்சி என்று எதையாவது சொல்லியிருப்பார்கள்.

ஜீவானந்தத்துக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

"தூங்குதுண்ணா. பெரிய எடத்துக் கெழங்கு, லேட்டாதான் எழுந்திருக்கும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். தருமனும் சிரித்துவிட்டு அதை அதே குழியில் வைத்து மூடினார்.

அவர் தண்ணீர் விடுவதை நிறுத்தவில்லை. ஊர்தான் பேச்சை மாற்றியது. தருமன் கை போய்விட்டது என்று முதலில் யார் சொன்னார்கள் என்று தெரியாது, தை பிறப்பதற்குள் எல்லோரும் சொன்னார்கள். ஜெகநாதன் நிலத்தில் மணிலா விதைத்த அன்று தருமன் துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு விடிந்ததிலிருந்து வீட்டில் உட்கார்ந்திருந்தார். யாரும் கூப்பிட வரவில்லை. பத்து மணிக்கு, வேறொருவர் கையால் விதைப்பு முடிந்துவிட்டதாகத் தகவல் வந்தது. வேட்டியை அவிழ்த்து மடித்துக் கொடியில் போட்டார். இதை அவர் மனைவி கன்னியம்மாதான் பிறகு சொன்னாள்.

நாலு நாளைக்கு முன்பு ஆரணி பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போதுதான் தருமன் கேட்டார்.

"ஏண்டா ஜீவா, கோச்சிக்காத. மூட்டைய தனியாதானே வச்சிருந்த?"

கேட்டுவிட்டு உடனே டீயைப் பார்த்துக்கொண்டார். சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. இல்லண்ணா, தப்புப் பண்ணிட்டேன். அவ்வளவுதான். அவர் திட்டுவார், ஒரு வாரம் பேசமாட்டார், ஊரெல்லாம் போய்ச் சொல்வார், கை திரும்பி வந்துவிடும்.

"தனியாதாண்ணா வச்சேன். தொணைக்கு நானே பக்கத்துல படுத்துகினேன்" என்றான் ஜீவானந்தம்.

தருமன் சிரித்தார். டீக்கு அவரே காசு கொடுத்தார்.

குளிப்பாட்டி முடித்து உடம்பைப் பாடையில் வைத்தபோது ஜெகநாதன் பெரிய ரோஜாமாலையோடு வந்தார். மாலையைப் போட்டுவிட்டு, ஜீவானந்தத்தின் தோளைத் தொட்டு, நல்ல கை, கடைசியில் என்னவோ ஆகிவிட்டது என்று மெதுவாகச் சொன்னார். கண் கலங்கித்தான் சொன்னார். அதுதான் தாங்கமுடியாததாக இருந்தது. கெட்ட மனிதராக இருந்திருந்தால் ஜீவானந்தம் அவர்மேல் கொஞ்சம் பழியை இறக்கி வைத்திருப்பான்.

ஊர்வலம் தறிக்காரத் தெரு வழியாகப் போனது. மேளம் நெருங்க நெருங்க ஒவ்வொரு வீடாகப் பவர்லூம் நின்றது, கடந்ததும் ஒவ்வொரு வீடாகத் திரும்ப ஓட ஆரம்பித்தது. தீச்சட்டி இல்லை, அவர்கள் வழக்கம் புதைப்பது. முன்னால் தருமனின் மகன் ஆகாஷ் நடந்தான். செய்யாறு கம்பெனியில் ஷிப்டிலிருந்து அப்படியே வந்தவன், யூனிபார்ம் பேண்டுக்குமேல் வேட்டியைச் சுற்றியிருந்தான்.

குழியில் இறக்கி, மகன் மூன்று பிடி மண் போட்டதும் மற்றவர்கள் தள்ள ஆரம்பித்தார்கள். கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் மண்ணைத் தூவிவிட்டுப் பெருமூச்சோடு சொன்னார். எத்தனை பேருக்கு வெள்ளாமை கொடுத்த கை, தனக்கென்று போட்டபோது முளைக்கவில்லையே, அந்த ஏக்கம்தான் ஆளைக் கொண்டுபோய்விட்டது.

"அது அண்ணன் கை இல்ல" என்றான் ஜீவானந்தம்.

மண்வெட்டிகள் நின்றன.

"நான் அடிச்ச மருந்து. வெதை மூட்டைய புகை அடிக்கிற ரூம்லயே வச்சிட்டேன். ஒரு தார்ப்பாய மட்டும் போட்டு மூடினேன். அண்ணன் கையில ஒரு கொறையும் இல்ல. என்னாலதான் மொளைக்கல."

பழக்க தோஷத்தில் பின்னாலிருந்து இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அவன் வாயைத் திறந்தால் சிரிப்பது என்று பதினோரு வருடமாக ஆகிவிட்டது. பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டார்கள். மூத்தவர் கிட்டே வந்து அவனைத் தன்மேல் சாய்த்துக்கொண்டார்.

"அண்ணன் பேருக்காவ பழிய தன் தலையில போட்டுக்கிறான் பாரு. இந்த மாதிரி தம்பி எவனுக்குடா கெடைப்பான்?"

இல்லை, நிஜமாகவே நான்தான் என்று அவன் சொன்னான். புரட்டாசி, இரண்டாம் நம்பர் ரூம், முட்டிவலி, செங்கல் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். சொல்லச் சொல்ல அவர்கள் கண்களில் நீர் கூடியது. ஜெகநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெரிய மனசு, பெரிய மனசு என்று யாரோ சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவன் வாழ்க்கையில் யாரும் அவனை இவ்வளவு பாராட்டியதில்லை. அதற்குள் குழி மூடியாயிற்று, மண்வெட்டியின் பின்புறத்தால் மேட்டைத் தட்டிச் சமன்செய்தார்கள்.

வீட்டுக்குத் திரும்பியபோது செய்தி அவனுக்கு முன்பே பைக்கில் வந்து சேர்ந்திருந்தது. கால் கழுவி உள்ளே போனான். விளக்குக்குப் பக்கத்தில் கன்னியம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குரல் உடைந்து போயிருந்தது.

"எதுக்கு அங்க அப்படிச் சொன்ன?" என்றாள். "செத்துப்போறதுக்கு மொத நாளுதான் சொல்லிகினு இருந்தாரு. ஜீவாவ தேவையில்லாம கேட்டுட்டேன், புள்ளைக்கி மொகமே சுருங்கிப் பூடுச்சி. அவன் தனியாதான் வச்சிருக்கான், என் கைதான் செரியில்லன்னு. உங்கிட்ட வந்து மன்னிப்பு கேக்கணும்னாரு."

ஜீவானந்தத்துக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

"அண்ணி, மெய்யாலுமே நான்தான். தார்ப்பாயப் போட்டு மூடிட்டு அதே ரூம்ல வச்சிட்டேன்."

கன்னியம்மா அவனைப் பார்த்தாள். இடுகாட்டில் அத்தனை பேர் பார்த்த பார்வை இல்லை அது. அவள் நம்பிவிட்டாள் என்று தெரிந்தது.

"எந்தத் தார்ப்பாயி?"

அவன் எரிகிற விளக்கைப் பார்த்தான்.

"பொரட்டாசியில வந்து கேட்டியே. மழைக்கு வெறகு மேல போட்டிருந்தத உருவிக் குடுத்தேனே, அதுவா?"

தலையாட்டினான்.

அவள் வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். வாசலில் நாற்காலிகளை மடக்குகிற சத்தம் கேட்டது. பிறகு தலைப்பை எடுத்துவிட்டு, சித்தப்பாவுக்குச் சோறு போடு என்று ஆகாஷிடம் சொன்னாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டு எழுந்தான். பெரிய மனசுக்காரன் துக்கத்தில் சாப்பிடவில்லை என்று அதற்கும் ஒரு பாராட்டு பின்னால் கேட்டது. நடந்தான். எங்கே போகிறோம் என்று யோசித்துப் போகவில்லை, நிலத்தில் போய் நின்றபோதுதான் தெரிந்தது.

முப்பது சென்ட்டில் பார்கள் கயிறு பிடித்த மாதிரி நேராக ஓடின. ஒரு புல் இல்லை. வரப்பில் அண்ணன் உட்கார்ந்திருந்த இடத்தில் மண்வெட்டி அப்படியே கிடந்தது. தூரத்தில் ஜெகநாதனின் மணிலா முளைத்து, பச்சையாகக் கோடு போட்டிருந்தது.

மத்தியானம் இரண்டு மணிக்குப் பம்புசெட்டுக்கான மூன்று பேஸ் கரண்ட் வந்தது. கொட்டகைக்குள் ஆட்டோ ஸ்டார்ட்டர் டக்கென்று இழுத்தது, மோட்டார் தானாக ஓட ஆரம்பித்தது. அதற்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. தண்ணீர் வாய்க்காலில் நுரையும் சருகுமாக வந்து முதல் பாரின் பள்ளத்தில் இறங்கியது. கடைசிவரை போய் நிரம்பி, மடையில் தளும்பி, கரையை அரிக்கத் தொடங்கியது.

ஜீவானந்தம் பேண்டை முழங்காலுக்குமேல் சுருட்டினான். மண்வெட்டியை எடுத்து ஒரு வெட்டு மண் போட்டு முதல் மடையை அடைத்தான், இரண்டாவதைத் திறந்துவிட்டான். தண்ணீர் திரும்பி அதில் ஓடியது. அது நிரம்பும்வரை நின்று பார்த்துவிட்டு, மூன்றாவதற்கு நகர்ந்தான்.