சிரிக்கிற முகம்

எனக்குக் கொடுத்த டெப்பின் திரையில் ஐந்து முகங்கள் இருந்தன. முதல் முகம் பல் தெரியச் சிரித்தது, கடைசி முகம் அழுதது. நடுவில் இருந்த மூன்றும் சிரிப்பதா அழுவதா என்று முடிவெடுக்காமல் முழித்தன. "உங்கள் வாழ்க்கை எப்படி இருக்கிறது? ஒரு முகத்தைத் தொடுங்கள்" என்று ஒவ்வொரு வீட்டிலும் நான் கேட்க வேண்டும். அது முடிந்ததும், வாரத்தில் எத்தனை நாள் உடற்பயிற்சி செய்கிறீர்கள் என்று ஒரு கேள்வி. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை செங்குத்து மலையில் தேயிலைக் கொழுந்தோடு ஏறி இறங்குகிற பெண்ணிடம் இதைக் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை எழுதிய மகராசன் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால், ஒரே ஒரு நாள் எங்கள் மேல்மலைக்கு அனுப்பி வைத்திருப்பேன்.

பதுளையில் அலுவலகம் வைத்திருந்த ஒரு தொண்டு நிறுவனம்தான் இந்த ஆய்வை நடத்தியது. தோட்ட மக்கள் எவ்வளவு நலமாக இருக்கிறார்கள், நோய்களைப் பற்றி எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பார்களாம். எந்தத் தோட்டத்தில் நோய் அதிகமோ அந்தத் தோட்டத்துக்குப் பெண் டாக்டர்களோடு ஒரு கிளினிக் பஸ் வரும். நான் உயர்தரம் வரை படித்துவிட்டு பண்டாரவளையில் ஒரு புடவைக் கடையில் கால் கடுக்க நின்றுகொண்டிருந்தவள். "நிரஞ்சலா தோட்டத்துப் பிள்ளை, அவகிட்ட ஆக்கள் கூச்சப்படாமப் பேசுவாங்க" என்று என்னை எடுத்தார்கள். எங்கள் தோட்டத்துக்கு அந்த பஸ்ஸைக் கொண்டுவந்துவிடலாம் என்று நானும் ஆசையோடுதான் போனேன்.

மேற்பிரிவு லயத்து வரிசை வீடுகளில் முதல் காம்பராவில் இருந்தவர்கள் சிரிக்கிற முகத்தைத் தொட்டார்கள். அடுத்த காம்பராவிலும் அதே முகம்தான். முழங்கால் வீங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்த இராக்கம்மாவும் சிரிக்கிற முகத்தையே தொட்டார்.

"அப்ப முழங்காலுக்கு என்னாங்க?" என்று கேட்டேன்.

"அதுக்கென்ன? அது பாட்டுக்கு இருக்கு" என்றார்.

இன்னொரு வீட்டில் ஒருவர், தனக்கு இருமலே கிடையாது என்று இருமிக்கொண்டே சொன்னார். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. நான் பிறந்து வளர்ந்த இடம் இது. யார் வீட்டில் யாருக்கு என்ன நோவு என்று எனக்குத் தெரியாதா?

விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் கந்தப்பன் முந்தின நாள் வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறார். நோவு என்று ஒருவரும் வாயைத் திறக்கக் கூடாது என்பது அவருடைய உத்தரவு. எங்கள் தோட்டத்தில் காம்பரா யாருக்கும் சொந்தமில்லை. குடும்பத்தில் ஒருவருடைய பேராவது தோட்டத்துச் செக்ரோலில், வேலையாட்கள் பதிவில், இருக்க வேண்டும். பேர் போனால் காம்பராவும் போகும். ஒரு மழைக்காலத்தில் மலையில் மண் சரிந்த பிறகு புது வீடு கட்டித் தரப்போவதாக ஒரு பேச்சு வந்தபோதும், பேர் இருக்கிறவர்களைத்தான் கணக்கெடுத்தார்கள். அதனால், உடம்பைப் பற்றிக் கேட்க ஒருத்தி டெப்போடு வருகிறாள் என்றதும், வேலைக்கு லாயக்கில்லாதவர்களைக் கழித்துவிட்டு மிச்சப் பேருக்குப் புது வீடு கொடுக்கத்தான் வருகிறாள் என்று நினைத்துவிட்டார்கள்.

நான் கந்தப்பனிடமே போனேன்.

"இது வீட்டுக்கு இல்ல மாமா. டாக்டர் பஸ் வர்றதுக்கு."

"அப்பிடித்தான் சொல்லுவாங்க. போன தடவ வந்தவனும் தண்ணி லைன் போடத்தான் கேக்குறேன்னான். எந்தம்பி நெஞ்சு வலின்னு வெள்ளந்தியா சொன்னான். மறு மாசமே பேர வெட்டிட்டாங்க. இப்ப பொண்டாட்டி புள்ளையோட மாமனார் வீட்டுல ஒண்டிக் கெடக்குறான். ஒனக்கு ஒண்ணும் தெரியாது புள்ள, நீ போ."

அவரை முட்டாள் என்று திட்ட எனக்கு வாய் வரவில்லை. அடிபட்ட மனிதர். ஊரைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் செய்தார்.

லயத்தின் கடைசிக் காம்பரா விஜயலெட்சுமி அக்காவுடையது. புருஷன் கொழும்புக்கு மேசன் வேலைக்குப் போனவர், போனவர்தான். ஒரே மகள் கம்சலா பதுளையில் உயர்தரம் படித்தாள். பரீட்சைக்குச் சில வாரங்கள்தான் இருந்தன. அந்த லயத்திலிருந்து இதுவரை ஒரு பிள்ளையும் கெம்பஸ் படிப்புக்குப் போனதில்லை. கம்சலா போவாள் என்று ஆசிரியர்களே சொன்னார்கள். அக்காவின் உயிர் அந்தப் பேச்சில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா எனக்கு இடது கையால் தேத்தண்ணி ஊற்றினாள். வலது கை விலாவோடு ஒட்டிக் கிடந்தது. குனிந்தபோது மஞ்சள் வாடை அடித்தது. அதற்கு அடியில் வேறொரு வாடையும் இருந்தது. மார்பில் கட்டி ஏதும் உண்டா என்ற கேள்வி வந்தது. வாசலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த மகளை அக்கா ஒருமுறை பார்த்தாள்.

"இல்ல."

"அக்கா, அந்தக் கைய ஒசத்துங்க பாப்போம்."

அவளால் உயர்த்த முடியவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து சட்டையை விலக்கினாள். கட்டி உடைந்து புண்ணாகி, அதன்மேல் மஞ்சளை அப்பியிருந்தாள்.

"எப்பருந்துக்கா?"

"போன தீவாளிக்கு முன்னாடி. தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனா தொர காதுக்குப் போயிரும். அப்பறம் எம்பேரு என்னாகும்?"

"நான் எழுதுறேன்க்கா. யாரு சொன்னதுன்னு அவங்களுக்குத் தெரியாது."

"காம்பரா நம்பரு கேட்டியே புள்ள."

கேட்டிருந்தேன். அதை நிரப்பாவிட்டால் டெப் அடுத்த கேள்விக்கே போகாது. நான் கெஞ்சினேன், நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அழுதேன். அக்கா அசையவில்லை.

"அவ பரீட்ச முடியட்டும். முடிஞ்ச மறுநாளே ஒங்கூட வாறேன். அதுவரைக்கும் எம்பேருதான் இந்தக் காம்பராவப் புடிச்சிக்கிட்டு நிக்கிது" என்றவள், டெப்பைத் தன் பக்கம் இழுத்துச் சிரிக்கிற முகத்தைத் தொட்டாள்.

அன்று மாலை அலுவலகத்தில் இந்திரஜித் சேரிடம் சொன்னேன். ஆய்வுக்குப் பொறுப்பாளர் அவர்தான். பதுளை பஸாரில் கடை வைத்திருக்கிற குடும்பத்துப் பிள்ளை, படித்தவர்.

"சேர், அவங்க சொல்றது உண்மை இல்ல. நான் கண்ணால பாத்தேன்."

"நீங்க பாத்தத எழுதுனா அது ஆய்வு இல்ல நிரஞ்சலா. அவங்க சொன்னதத்தான் எழுதணும். யோசிக்காதீங்க, நெறையப் பேருக்கு நோய் வருத்தம் இருந்தா முடிவுல தெரியத்தானே போகுது" என்றார்.

நல்ல மனிதர்தான். இந்த நல்ல மனிதர்களோடுதான் மல்லுக்கட்டவே முடியாது.

முடிவைப் பதுளையில் ஒரு மண்டபத்தில் வெளியிட்டார்கள். திரையில் தோட்டத்துக்கு ஒரு கட்டம் எழும்பி நின்றது. எங்கள் மேற்பிரிவின் கட்டம் எல்லாவற்றையும்விட உயரம். ஆய்வு நடந்த தோட்டங்களிலேயே மிகவும் நலமாக வாழும் சமூகம் என்று அறிவித்தார்கள். கைதட்டினார்கள். கந்தப்பனை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தி ஒரு சுவர்க்கடிகாரத்தைப் பரிசாகக் கொடுத்தார்கள். பிறகு இந்திரஜித் சேர் ஒலிவாங்கியைப் பிடித்து, நோய் அதிகமுள்ள வேறு இரண்டு தோட்டங்களுக்கு கிளினிக் பஸ் போகும் என்று சொன்னார்.

கந்தப்பன் மேடையைவிட்டு இறங்கவில்லை. "அப்ப வீடு?" என்று கேட்டார்.

"வீடா? எந்த வீடு ஐயா?" என்றார் இந்திரஜித் சேர்.

அப்போது கந்தப்பனின் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது. நான் எழுந்து நின்று, "எல்லாம் பொய் சேர்! எங்க ஆக்கள் பயந்துகிட்டு சொன்னது!" என்று கத்தினேன். முன்வரிசையில் இருந்த ஒரு டாக்டரம்மா திரும்பி, "தகவல் அப்படிச் சொல்லலியே தங்கச்சி" என்று மெதுவாகச் சொன்னார். அதற்குள் ரோல்ஸும் தேநீரும் வந்துவிட்டன.

திரும்பி வரும் பஸ்ஸில் அக்காவின் புண்ணைப் பற்றி கந்தப்பனிடம் சொல்லிவிட்டேன். அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "வர இருந்த டாக்டர நானே வெரட்டிட்டேனே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

மறுநாள் அவரே அக்காவின் வாசலில் போய் நின்றார். "ஒம் பேருக்கு நான் பொறுப்பு. தொரகிட்ட நான் பேசிக்கிறேன். கெளம்பு" என்றார். தலைவர் வாக்குக் கொடுத்ததால்தான் அக்கா கிளம்பினாள். பதுளை ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்த டாக்டர், ஏன் இவ்வளவு காலம் வைத்திருந்தீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். எலும்புக்கும் பரவிவிட்டது. இனிச் செய்யக்கூடியது வலியைக் குறைப்பது மட்டும்தான் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

கந்தப்பன் சொன்னபடியே, தோட்டத்தை நடத்துகிற தொரையிடம் போனார். தொரை உட்காரச் சொல்லி, பொறுமையாகக் கேட்டாராம். கடைசியில், திங்கட்கிழமையிலிருந்து அந்தக் குடும்பத்தில் ஒருவர் வேலைக்கு வந்தால் காம்பரா இருக்கும், இல்லையென்றால் தன் கையில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். கந்தப்பன் காலில் விழாத குறை. அதற்கு மேல் அந்த மனிதரால் என்ன செய்ய முடியும்?

திங்கட்கிழமைக் காலை பெரட்டுக்களத்தில், வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில், கங்காணி கம்சலாவின் பேரைக் கூப்பிட்டார். சொன்ன கிலோ கொழுந்து எடுக்காவிட்டால் செக்ரோலில் அன்றைக்கு அரைப் பேர்தான் விழும், பாதி நாள் கூலிதான். பரீட்சைக்கு அப்போது இரண்டு வாரம்கூட இல்லை. நான் அவளைத் தடுக்கப் பார்த்தேன். "அப்ப அம்மாவ எங்கக்கா கொண்டாந்து படுக்க வைக்கிறது?" என்று கேட்டாள். அக்காவுக்கு மட்டும் இது தெரியவே கூடாது என்று கம்சலா, கந்தப்பன், நான் என்று எங்கள் மூவருக்குள்ளும் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை அவளை வார்டுக்குக் கூட்டிப்போனேன். தலைவாரி, நல்ல சட்டை போட்டு, கைகள் இரண்டையும் ஷாலுக்குள் சுருட்டி வைத்திருந்தாள். ஒரு வாரத்தில் பாதியாகிவிட்டிருந்த அக்கா, மகளைக் கண்டதும் தலையைத் தூக்கினாள்.

"படிக்கிறியா?"

"ஆமாம்மா. பாடமெல்லாம் முடிச்சிட்டேன்."

"கையக் குடு."

கம்சலா என்னைப் பார்த்தாள். அக்கா ஷாலுக்குள் கைவிட்டு அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். விரல் நுனியெல்லாம் கொழுந்துக் கறை கறுப்பாய் ஏறியிருந்தது. பெருவிரலில் பழந்துணிக் கட்டு. எத்தனை தேசிக்காயைப் பிழிந்து தேய்த்தாலும் போகாத கறை அது. அக்கா அந்தக் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். ஓவென்று கத்தப்போகிறாள், என்னை ஏசப்போகிறாள் என்று நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எத்தன கிலோ?" என்று கேட்டாள்.

"பன்னெண்டும்மா."

"பத்தாது. அரப் பேருதான் போட்டிருப்பாங்க" என்றாள் அக்கா. மகளின் கையை விடாமல் பிடித்திருந்தாள். "அரப் பேருக்கெல்லாம் காம்பரா நிக்காது. வெரசா எடுக்கப் பழகு."