இடம் மாறிய சீட்டுகள்

கதிரவன் கூரைகளின்மேல் ஏறிநின்று, குழாயடியில் காத்திருந்த குடங்களையும், இன்னும் திறவாத கடைகளின் பூட்டுகளையும், பள்ளி வாயிலின் துருவேறிய கம்பிகளையும் வேறுபாடின்றிப் பொன்னாக்கிய காலைப் பொழுது அது. கற்றறிந்தோரே, அப்பள்ளியின் மூன்றாம் வகுப்பறைக்குள் சற்றே எட்டிப் பாருங்கள்.

அங்கே ஆங்கிலம் கற்பித்த இளம் ஆசிரியை, பெயர்ச்சொல் இன்னதெனப் பிள்ளைகள் உணரும்பொருட்டு, கதவு, நாற்காலி, கடிகாரம் என்று கண்ணில் பட்டவற்றுக்கெல்லாம் ஆங்கிலப் பெயரெழுதிய சீட்டுகளை ஒட்டியிருந்தாள். அவள் வேலைக்கு வந்து ஓராண்டு நிறைந்தது. இருத்துவதா, அனுப்புவதா என்பது அன்று வரவிருந்த ஆய்வாளரின் கையில் இருந்தது.

தானொன்று நினைக்கத் தெய்வமொன்று நினைத்தது. அறையைத் துலக்கப் புகுந்த துப்புரவுக்காரி, சீட்டுகளை அழுக்கென்று எண்ணி வெந்நீரால் நனைத்து உரித்தெடுத்தாள். பின்பு, ஆசிரியை எழுதியவை ஆயிற்றே என்று நெஞ்சு பதறி, எழுத்தறியாதவளாதலால், கைக்கு வந்ததைக் கண்ட இடத்தில் திரும்ப ஒட்டிவைத்தாள்.

மணியடித்தது. பிள்ளைகள் அமர, ஆசிரியையின் பின்னே ஆய்வாளரும் உள்ளே வந்தார்.

"என்னம்மா, கடிகாரத்துல கதவுன்னு ஒட்டியிருக்கீங்க?"

ஆசிரியை திரும்பிப் பார்த்தாள். வாயிலில் துடைப்பத்தோடு வெளிறி நின்றவளைக் கண்டதும் நடந்தது விளங்கிற்று. ஒரு சொல் போதும், பழி அவள்மேல் போய்விடும். அவள் வேலையும் போய்விடும்.

"என் பொறுப்புதான், ஐயா" என்றாள் ஆசிரியை.

கடைசி வரிசைச் சிறுமி எழுந்தாள். "எல்லாம் தப்புத் தப்பா இருக்கு டீச்சர். மாத்தட்டுமா?"

விடைக்கு யார் காத்திருந்தார்! ஈரம் உலராத சீட்டுகளை உரித்தெடுத்து, படித்து, தமக்குள் வழக்காடி, பிள்ளைகள் ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் சேர்த்தனர். கைகட்டிப் பார்த்திருந்த ஆய்வாளர், இறுதிச் சீட்டு கதவில் ஏறியபின் எழுதுகோலை எடுத்தார்.

"இனிமே நான் கேக்க ஒண்ணும் இல்லம்மா. நீங்க இங்கயே இருங்க" என்று கையொப்பமிட்டுச் சென்றார்.

அப்போது அச்சிறுமி துப்புரவுக்காரியை ஏற இறங்கப் பார்த்தாள். "அக்கா, உங்களுக்கு மட்டும் சீட்டே இல்லையே. உங்க பேரு என்ன?"

அறையிலுள்ள ஆணிக்கும் பெயரெழுதி ஒட்டியவள், ஓராண்டாக அவளை 'இந்தாம்மா' என்றே அழைத்துவந்த ஆசிரியை, முகம் சிவந்து, புதிய சீட்டொன்றை எடுத்து, அவள் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.