ஆளுக்கு மட்டும் அடிக்கிற மணி

கேமராவுக்குத் தன் அண்ணனை மட்டும் பிடிக்கவில்லையோ என்று டிரைவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

வாசலில் யார் நடமாடினாலும், மாடிச் சுவர் உச்சியில் இருக்கும் கேமரா பார்த்துவிடும். பார்த்ததும் கூடத்தில் இருக்கும் வெள்ளைப் பெட்டிக்குச் சொல்லும். பெட்டி மணி அடிக்கும். விளக்கும் ஃபேனும்கூட அந்தப் பெட்டி சொன்னால்தான் கேட்கும். ஸ்மார்ட் ஹோம் என்று டிரைவரின் மகன் வாங்கி மாட்டியது. பேப்பர் போடுகிறவனுக்கு அடித்தது, கேஸ் சிலிண்டர்காரருக்கு அடித்தது, கடன் கேட்க வரும் எதிர்வீட்டுக்காரருக்கும் மரியாதையாக அடித்தது. அண்ணன் கேட்டைத் திறந்துகொண்டு போன இரண்டு தடவையும் மட்டும் கல்லுளிமங்கன் மாதிரி இருந்துவிட்டது.

மாட்டியதே அண்ணனுக்காகத்தான். மரக்கடையில் பலகை அளந்தே காலத்தைக் கழித்தவர், கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லை, தம்பி வீடுதான் அவர் வீடு. இரண்டு வருடமாக ஞாபகம் நழுவிக்கொண்டிருக்கிறது. சாப்பிட்டதும் மறந்துபோகும், போன வழியும் மறந்துபோகும். முதல் தடவை பஸ் நிறுத்தத்தில் விரித்த குடையோடு நின்றவரைப் பக்கத்துக் கடைக்காரர் அழைத்துவந்தார். இரண்டாம் தடவை மெயின் ரோட்டின் நடுவில், இரண்டு பக்கமும் லாரிகள் ஹார்ன் அடிக்க, குடையைப் பிடித்துக்கொண்டு பேந்தப் பேந்த விழித்துக்கொண்டிருந்தார். இரண்டு நாளும் டிரைவர் வீட்டில் இல்லை. இருந்திருந்தால் விட்டிருப்பாரா?

"அப்பா, இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா பெரியப்பாவை முதியோர் இல்லத்துல சேர்க்கிறதைத் தவிர எனக்கு வேற வழி தெரியல. ஏதாவது லாரி அடிச்சிட்டா யார் பதில் சொல்றது?" என்றான் மகன்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் டிரைவர் எகிறியிருப்பார். ஆனால் முப்பது வருடம் லாரி ஓட்டியவருக்கு, மழை ரோட்டில் பிரேக் எப்படிப் பிடிக்கும், எப்படிப் பிடிக்காது என்று தெரியும். 

அதனால்தான் கேமரா மாட்டிய டெக்னீஷியன் அம்மாவை மறுபடியும் வரச் சொன்னார்கள். அந்த அம்மா ஏணியும் பையுமாக வந்து இறங்கியதிலிருந்து டிரைவர் அவள் பக்கத்தை விட்டு நகரவில்லை. நல்ல பாகத்தைக் கழற்றிக்கொண்டு பழசைப் போடும் மெக்கானிக்குகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

"வைஃபை சிக்னல் ஃபுல்லா இருக்குங்கய்யா. கேமராவுக்கும் பெட்டிக்கும் இணைப்பு அறுந்ததாவே தெரியல" என்றாள் அந்த அம்மா, போனைப் பார்த்துக்கொண்டே.

"அது சொல்றதை அதுகிட்டயே கேட்டா என்னம்மா சொல்லும்? திருடனையே சாட்சிக்குக் கூப்பிடுற மாதிரி இருக்கு."

"அப்ப யாரைக் கேக்கறது?"

"நடந்து பாப்போம்."

நடந்தார்கள். முதலில் அந்த அம்மா வெளியே போய்விட்டு வந்தாள். மணி அடித்தது. மருமகள் போய்விட்டு வந்தாள். அடித்தது. டிரைவர் சுவரோடு சுவராக ஒட்டி, பூனை மாதிரிப் பதுங்கிப் பதுங்கிப் போனார். அதற்கும் அடித்தது. முதுகைக் காட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தார், சாக்கடை மூடியில் கால் இடறி விழப்பார்த்தார்.

"மாமா, இடுப்பு ஒடிஞ்சா அதுக்கும் ஒரு மணி மாட்டணும்" என்று மருமகள் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"சிரிக்காதே. அண்ணனைக் கூப்பிடு."

அண்ணன் வந்தார். எதற்கு நடக்கச் சொல்கிறார்கள் என்று கேட்காமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கேட்டைத் தாண்டிப் போய் நல்ல பிள்ளையாகத் திரும்பி வந்தார். மணி கணீரென்று அடித்தது. போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று.

"அடிக்குதேங்கய்யா."

"இப்ப அடிக்கும். நீ பக்கத்துல நிக்கிறியே. மெக்கானிக் வந்து நின்னா எந்த வண்டியும் ஒரே சாவியில ஸ்டார்ட் ஆகும்."

அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. அவளுக்கே இப்போது இது என்னடா என்று ஆகிவிட்டது. பெட்டியை அணைத்துப் போட்டாள், ரவுட்டரைப் பிடுங்கிச் செருகினாள், ஆப்பில் கேமராவை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்த்தாள். அண்ணன் வெளியே போன இரண்டு நாள் பதிவையும் தேடினாள். ஆளைப் பார்த்தால்தான் கேமரா படமும் எடுக்கும். அந்த நேரத்துக்கு ஒரு படமும் இல்லை.

"அப்ப அவர் எப்படி வெளியே போனார்? பறந்தா?" என்றார் டிரைவர்.

"நான் சமையல்ல இருந்தேன் மாமா. மணி அடிக்கும்னு நம்பித்தானே இருந்தேன்" என்றாள் மருமகள். அவள் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. பழி தன் தலையில்தான் விடியப்போகிறது என்று அவளுக்குப் பயம்.

எதற்கும் இருக்கட்டும் என்று வயரை இழுத்துக் கட்டப் புது கிளிப் போடலாம் என்றாள் டெக்னீஷியன். அவள் பையில் இருந்த கிளிப்பை டிரைவர் வாங்கி, நசுக்கிப் பார்த்து, திருப்பிக் கொடுத்தார். "இது மண்ணாங்கட்டி. நானே வாங்கிட்டு வரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கடையில் கிளிப்பை எண்ணிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. தூறல்தானே என்று நடந்தார். பாதித் தெரு வருவதற்குள் கொட்டோ கொட்டென்று கொட்டியது. தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தவர், தெருமுனையில் அப்படியே நின்றுவிட்டார்.

எதிரே, தண்ணீரைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, ஒரு பெரிய கறுப்புக் குடை வந்துகொண்டிருந்தது. குடைக்குக் கீழே அண்ணன்.

 வீட்டில் டெக்னீஷியன் இருக்கிறாள், மருமகள் இருக்கிறாள், மணி அவர்கள் காதுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இவர் எப்படி வந்தார்?

"எங்கண்ணே கிளம்பிட்டே?"

அண்ணன் குடையை நீட்டி அவர் தலைக்கு மேலே பிடித்தார். "வேற எங்க, உன்னைத் தேடித்தான். குடை எடுக்காமப் போயிட்டே. நனைஞ்சா உனக்குச் சளி பிடிச்சுக்கும், அம்மா என்னைத் திட்டுவா."

அம்மா போய் நாற்பது வருடம் ஆகிறது. டிரைவர் அதைச் சொல்லவில்லை. முதல் தடவை அண்ணன் காணாமல் போன அன்று தான் எங்கே இருந்தோம் என்று யோசித்தார். பஸ்ஸில் மருந்து வாங்கப் போயிருந்தார், அன்றைக்கும் மழை. இரண்டாம் தடவை மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பழைய நண்பனைப் பார்க்கப் போயிருந்தார். மழை இல்லை, மண்டையைப் பிளக்கும் வெயில்.

எத்தனை பேர் எத்தனை கேள்வி கேட்டார்கள், கேமராவைக்கூடக் கேட்டாயிற்று. "எங்கே போனே அண்ணே" என்று அவரை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

இரண்டு பேரும் ஒரே குடையில் வந்தார்கள். கேட்டைத் திறந்து உள்ளே வந்தார்கள். மணி அடிக்கவில்லை.

டிரைவர் நின்றார். அண்ணாந்து பார்த்தார், குடைத்துணிதான் தெரிந்தது. மெல்லக் குடையை வாங்கி மடக்கினார். மழை முகத்தில் அறைந்தது, உள்ளே மணி அடித்தது.

"யாரு?" என்றாள் மருமகள் உள்ளிருந்து.

டிரைவர் அண்ணனை வீட்டுக்குள் அனுப்பிவிட்டு மறுபடி கேட்டுக்கு வெளியே போனார். குடையை விரித்துக்கொண்டு உள்ளே வந்தார். சத்தமே இல்லை. மடக்கினார். மணி. விரித்தார், போய்வந்தார், மடக்கினார். எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து, "என்ன டிரைவர், குடை மழையில ஒழுகுதா, ஆள் ஒழுகுதா?" என்று கேட்டார். டிரைவருக்கு அது காதில் விழவே இல்லை. திருவிழாவுக்கு வந்த குழந்தை மாதிரி வாயைத் திறந்துகொண்டு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலுக்கு ஓடிவந்த டெக்னீஷியன் பார்த்தாள். இரண்டாவது தடவையிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அட, மேலேருந்து பாத்தா வெறும் கறுப்பு வட்டம்தான். தலையும் இல்ல, கையும் இல்ல. அதுக்கு அது ஆளே கிடையாதுங்கய்யா."

"எது நடமாடினாலும் அடிக்கிற மாதிரி வைக்கக் கூடாதா?"

"அப்படித்தான் முதல்ல வச்சேன். நாய்க்கு அடிக்குது, காத்துல பறக்கிற கவருக்கு அடிக்குதுன்னு கத்தி, ஆளுக்கு மட்டும் அடிக்கணும்னு மாத்தச் சொன்னது யாரு?"

டிரைவர் குடையை உதறினார்.

"கேட் தூண்ல வைக்கிறேன்னேன். திருடன் பிடுங்கிட்டுப் போவான், உச்சியில வைன்னு ஏணியைப் பிடிச்சதும் நீங்கதான்."

"சரி சரி, அதையே சொல்லிச் சொல்லிக் குத்தாதே. கீழே இறக்கு."

"திருடன்?"

"வந்தா வரட்டும். இறக்கும்மா."

மழை விட்டதும் கேமரா தூணுக்கு இறங்கியது, நெஞ்சு உயரத்துக்கு. டிரைவர் வாங்கிவந்த கிளிப்பில் பாதி உடைந்துபோனது. கடைசியில் அந்த அம்மாவின் மண்ணாங்கட்டி கிளிப்தான் வயரைப் பிடித்தது. குடையோடு போனார்கள், குடையோடு வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் மணி அடித்தது. அண்ணனுக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போய், நிறுத்திய பிறகும் இன்னும் இரண்டு தடவை போய்வந்தார்.

டெக்னீஷியன் போனதும் மருமகள் மெல்லக் கேட்டாள். "மாமா, பெரிய மாமா இன்னிக்கும் வெளியே போனதை அவர்கிட்டச் சொல்லணுமா?"

மூன்றாம் தடவை. மகன் சொன்ன சொல் அப்படியே நிற்கிறது. மறைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் பூசி மெழுகுவது டிரைவருக்கு வராத வேலை.

"சொல்லு. வழி தெரியாமப் போகல, என்னைக் கூட்டிட்டு வரப் போனாருன்னு சேர்த்துச் சொல்லு. வேண்டாம், நீ எதுக்கு வாங்கிக் கட்டிக்கிறே, நானே சொல்றேன்."

சாயங்காலம் மகன் வந்தான். அப்பா சொன்னதை ஷூவைக்கூடக் கழற்றாமல் கேட்டான். நம்பவில்லை. நம்பாத குணம் எங்கிருந்து வந்தது என்று யாரும் ஆராய வேண்டியதில்லை. குடையை எடுத்து விரித்துக்கொண்டு, வெயிலும் இல்லாத மழையும் இல்லாத தெருவில் போய்விட்டு வந்தான். மணி அடித்தது. தாழ்வாகப் பிடித்துப் போனான். அடித்தது. பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துத் தூணை மறைத்துக்கொண்டு போனான். அதற்கு அடிக்கவில்லை.

"பாத்தீங்களா?" என்றான்.

"எங்கண்ணன் அப்படிப் பிடிக்கமாட்டார். அவர் குடை பிடிக்கிறது எனக்கு, கேமராவுக்கு இல்ல" என்றார் டிரைவர். "இனிமே நான் எங்க போனாலும் குடை என் கையில இருக்கும். முடிஞ்சா அவரும் இருப்பார். இதுக்கு மேல என்னடா வேணும்?"

மகன் குடையை மடக்கினான். பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆபீஸ்ல இருந்து வர்றியே, நனையலையே?" என்றார்.

"இல்ல பெரியப்பா." மகன் குடையை வாசல் ஆணியில் மாட்டினான். முதியோர் இல்லத்துப் பேச்சை அன்று எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை.

அந்த வாரம் டிரைவர் கேஸ் ஆபீசுக்குக் கிளம்பும்போது வானம் வெளுத்துக் கிடந்தது. "அண்ணே, வர்றியா?" என்றார். அண்ணன் குடையை எடுத்துக்கொண்டுதான் எழுந்தார்.

மணி அடித்தது. மருமகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி வேலையைப் பார்க்கப் போனாள்.